கத்திரிக்காய்க்கு நாலாவது பங்கு

உலகத்தின் தலைசிறந்த கால்பந்து ஆட்டக்காரர்கள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேலே கத்திரிக்காய். அதற்குக் கீழே மிளகாய். அப்புறம் கேரட், பூசணி, வெண்டைக்காய், வெங்காயம். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில், ஜூஜுவாடியில் சாலையோரம் தள்ளுவண்டிக்காரர் ஒருவரிடம் வாங்கிய காந்தப் பொம்மைகள் அவை. வாங்கியவர் என் வீட்டுக்காரர். காய்கறி வாங்கிவரச் சொன்னால் இதைத்தான் வாங்கிவந்தார்.

ஆட்டக்காரர்களின் நிஜப்பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வீட்டில் இருக்கிற சண்டையே எனக்குப் போதும். கத்திரிக்காய் என்பவர் சின்னப் பையனாக நுழைந்த கிளப்பிலேயே கடைசி ஆட்டம்வரை இருந்தவர். மிளகாய் நாடு நாடாகப் போனவர். போன இடத்திலெல்லாம் கோல் போட்டு, கோப்பை வாங்கிக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியேறியவர். கேரட்டை நாங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். பூசணி கோல்கீப்பர், என்னுடைய செல்லம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எனக்குக் கால்பந்து தெரியவந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். நான் பாரூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் பந்து என்றால் கிரிக்கெட் பந்துதான், அதுவும் ஏரிக் கால்வாயில் விழுந்து தொலைந்துபோகிற பந்து. அவர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அங்கே மாதா கோயிலுக்கு எதிரில் மணலில் நடை பழகும்போதே பந்தை உதைக்கத் தொடங்கிவிடுவார்களாம். கல்யாணமான முதல் மாதத்தில், உலகக்கோப்பையில் கலக்கிய ஒருவரை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“நாட்டுக்கு ஆடுதது திருவிழா மாதிரி புள்ள. நாலு வருசத்துக்கு ஒருக்கா புதுச்சட்ட போட்டுட்டு வந்து நிப்பான். கிளப்புதான் ஷிஃப்ட்டு. மழைன்னாலும் காய்ச்சல்னாலும் போய் நின்னே ஆவணும். ஒரு மனுசன் எப்பிடின்னு ஷிஃப்ட்டுலதான் தெரியும்.”

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஓசூருக்கு வந்து கம்பெனி பஸ் ஏறியவள் நான். அந்த வாதத்தை ஒரே வாயில் விழுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் பட்டியலில் கிளப் ஆட்டம் மட்டும்தான் கணக்கு.

நான் வேலை செய்வது வண்டிகளுக்கு உள்ளே ஓடும் வயர்களைக் கட்டித் தருகிற கம்பெனியில். கண்ணெதிரே ஒரு பெரிய பலகை இருக்கும். அதன்மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் வயர்களை அந்தந்த வழியில் படுக்கவைத்து, டேப் சுற்றி, நுனியில் கனெக்டரைக் குத்தவேண்டும். சரியாகக் குத்தினால் க்ளிக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்காமல் எனக்குத் தூக்கமே வராது என்று அவர் கேலி செய்வார். அவருக்குப் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் வேலை. நான் காலை ஷிஃப்ட் என்றால் பெரும்பாலும் அவர் மதிய ஷிஃப்ட். நான் வீடு வரும்போது அவர் போயிருப்பார், அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆள் மாற்றி ஆள் படுத்து எழுந்துகொண்டிருந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி மருத்துவர்களிடமும் உறவுக்காரர்களிடமும் பேசியதே போதும், இங்கே பேசவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டது ஃபிரிட்ஜ் கதவில்தான். அவர் வேலை முடிந்து வந்து எங்கோ வெளிநாட்டில் நடக்கும் ஆட்டத்தைச் சத்தம் குறைத்துப் பார்ப்பார். என் தூக்கத்துக்குள் கூட்டத்தின் இரைச்சல் மழை மாதிரி விழுந்துகொண்டிருக்கும். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் கேரட் ஒரு படி ஏறியிருக்கும், வெங்காயம் இறங்கியிருக்கும். எனக்குக் கோபம் வரும். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தாலும் வெங்காயத்தை ஏற்றிவைத்துவிட்டுத்தான் செருப்பைப் போடுவேன். அவர் எழுந்ததும் அதை மறுபடியும் இறக்குவார். எப்போதாவது இருவரும் சேர்ந்து விழித்திருக்கும் நேரத்தில் வாய்ச்சண்டை. “கத்திரிக்காய என்னாத்துக்கு மேலயே வெச்சிருக்கீங்க?” என்று நான் கத்தியதைக் கேட்டு, கீழ்வீட்டு ஓனரம்மா ஒருநாள் ஒரு கூடை பீர்க்கங்காயோடு மேலே வந்துவிட்டார். தெலுங்கும் தமிழும் கலந்து, கத்திரிக்காய்க்காகக் குடும்பத்தில் சண்டை போடலாமா என்று எனக்குப் புத்தி சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஒவ்வொரு பொம்மையோடும் சேர்ந்து நகரும் ஒரு துண்டுக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருப்போம். வட்டத்துக்குள் நாலு பங்கு. இது எங்கள் கம்பெனி வழக்கம், அவர் கம்பெனியிலும் உண்டு. ஸ்கில் மேட்ரிக்ஸ் என்பார்கள். லைனில் ஒவ்வொருத்திக்கும் போர்டில் ஒரு வட்டம் இருக்கும். வேலையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினால் ஒரு பங்கைக் கறுப்பாக்குவார்கள். மேற்பார்வையில் செய்தால் இரண்டு. தனியாகச் செய்தால் மூன்று. அடுத்தவரைச் செய்யவைக்கத் தெரிந்தால்தான் நாலாவது பங்கு. மூன்றோடு ரிட்டையர் ஆகிறவர்கள்தான் நிறைய.

மூன்று பங்குவரை எங்களுக்குள் சண்டை வரவில்லை. நாலாவதில்தான் வந்தது. கூட ஆடுகிறவனுக்குப் பந்தைத் தட்டிக்கொடுத்து அவனைக் கோல் போடவைத்தால் நாலாவது பங்கு நிரம்பியது என்றார் அவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் லைனில் நிற்கும் பெண்களின் வேலையைப் பார்த்துக்கொள்கிறவள். ஒருத்தி பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்வரை எல்லாப் பெண்களும் ஒழுங்காகத்தான் டேப் சுற்றுவார்கள். அவள் லீவு போட்ட நாளில் சுற்றுகிறார்களா என்பதுதான் கேள்வி.

“அந்த ஆளு ஆடுற வயசுலயே கிளப்ப வுட்டுப் போனப்புறம் டீம் ஜெயிக்குதான்னு பாக்கணும். போனாத்தான் தெரியும்” என்றேன். “உங்க கத்திரிக்கா போகவே இல்ல. அப்ப நாலாவது பங்கு காலிதான்.”

“ஏ புள்ள, ஒரே எடத்துல இருந்தது ஒரு குத்தமா?”

“குத்தம்னு சொல்லல. தெரியலன்னு சொல்றன்.”

அவருக்கு அது வலித்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். வாலிப வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு ஊர் டீமுக்கு ஆடப் போனவர் அவர். பஸ் செலவும் பிரியாணியும் கொடுத்தால் யார் சட்டையையும் போட்டுக்கொள்வார். பிறகு கம்பெனி கம்பெனியாக மாறினார், ஒவ்வொன்றிலும் கான்ட்ராக்ட். ஒரே சட்டையை வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொண்ட மனிதர் அவர் கண்ணுக்குச் சாமி மாதிரி தெரிந்தார். எனக்கு நேர்மாறு. பாரூரிலிருந்து கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், அதோடு என் உலகம் முடிந்தது. கர்நாடக எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் எல்லாமே டிவியில் பார்த்ததுதான். போகிறவர்களை எனக்குப் பிடிக்கும். மிளகாய் விமானத்திலிருந்து இறங்கிப் புதிய ஊரில் கையசைக்கும் காட்சியைக் கோல்களைவிட அதிகமுறை பார்த்திருக்கிறேன்.

மதியம் வீடு திரும்பியதும் சோறு தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டு முந்தைய நாள் ஆட்டத்தை ஃபோனில் ஓடவிடுவேன். பாதிக் கண் மூடியிருக்கும். அந்த நேரத்தில் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். பச்சைப் புல்தரை எங்கள் பலகையாகும், ஓடுகிறவர்கள் வயர்களாவார்கள், சிவப்பு வயர் மஞ்சளைத் தாண்டிப் போய் க்ளிக் என்று வலைக்குள் குத்திக்கொள்ளும். ஒரு கனவு எனக்கு அடிக்கடி வந்தது. விடியற்காலைப் பனியில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. ஏறினால் அத்தனை ஆட்டக்காரர்களும் கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பூசணி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் டிஃபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கிப்போகிறார். கடைசியில் நானும் கத்திரிக்காயும் மட்டும் மிச்சம். நீங்கள் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்கிறேன். அவர் பதில் சொல்வதற்குள் நான் விழித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் இருவருக்கும் ஒன்றாக லீவு. காலையில் அவர் கோயிலுக்குப் போய்வருவார், நான் கறி வாங்கி வந்து குழம்பு வைப்பேன். சாப்பிட்டுவிட்டு, தண்ணி கேனில் ஃபோனைச் சாய்த்துவைத்து, ஒரு முழு ஆட்டத்தைப் போடுவோம். இடைவேளைக்கு முன்பே அவர் தலை என் மடிக்கு வந்துவிடும், குறட்டை வரும். வாரம் முழுக்க உலகக் கால்பந்தைக் காப்பாற்றுகிற மனிதர், என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. எழுந்ததும் ஸ்கோர் கேட்பார். நான் தப்பாகச் சொல்வேன். அவர் அதை நம்பித் திங்கட்கிழமை கம்பெனியில் போய்ப் பேசி அவமானப்பட்டு வருவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் மேனேஜர் ஒருநாள் லைனுக்கு வந்து, மார்க்கரை எடுத்து, போர்டில் என் வட்டத்தின் நாலாவது பங்கைக் கறுப்பாக்கினார். பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. மேனேஜர் கன்னடக்காரர். கை தட்டல் அடங்கியதும் “ஹோக்தீரா?” என்று கேட்டார். போகிறீர்களா என்று அர்த்தம். குஜராத்தில் புது ஃபேக்டரி திறக்கிறார்கள், அங்கே இருக்கும் பெண்களை வைத்து லைனை ஓட்டிக்காட்ட ஆள் வேண்டும், ஆறு மாதம், திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாடிப்படி ஏறும்போது பயம் வந்தது. வீடு காலியாக இருந்தது, அவர் மதிய ஷிஃப்ட். நான் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. கத்திரிக்காயை இறக்கிவிட்டு மிளகாயை உச்சியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். எப்போது அப்படிச் செய்தாலும் மறுநாள் பழையபடி ஆகியிருக்கும். அடுத்த விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். மிளகாய் உச்சியிலேயே இருந்தது. அவர் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கும்போது சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“மொளகாய மேல வச்சப்பவே நெனச்சேன்” என்றார். “போயிட்டு வா.”

“அவ்ளோதானா?”

“நீதான சொன்ன, போனாத்தான் தெரியும்னு?”

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைச் சிங்க்கில் எறிந்தேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், அவர் போகாதே என்று சொல்லவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். ஆனால் சொல்லியிருக்கவேண்டும். என் வாதத்தையே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அமைதியாக வெங்காயம் உரிக்கிற மனிதரை என்ன செய்வது? அன்றைக்கும் ஃபோனைத் தண்ணி கேனில் சாய்த்துவைத்தோம். அன்றைக்கும் அவர் தூங்கினார். நான் அவர் தலையைத் தலையணைக்கு மாற்றிவிட்டு எழுந்துபோய்ப் பெட்டி அடுக்கினேன்.

குஜராத்தில் எனக்குத் தெரிந்த கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் வேலையே இல்லை. சிவப்புக்கு அவர்கள் பாஷையில் என்ன பேர், பச்சைக்கு என்ன பேர் என்று அங்கிருந்த பெண்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மதியம் வெயில் ஷெட்டின் கூரையில் தகதகவென்று நிற்கும். வெளியே மரமே இல்லாத வெள்ளைத் தரை. வெகுதூரத்தில் லாரிகள் தண்ணீரில் மிதப்பது போலப் போகும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். மிளகாய்க்கும் முதல் வாரங்களில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். விமானத்திலிருந்து இறங்கிக் கையசைத்ததை மட்டும்தானே காட்டினார்கள். மறுநாள் காலையில் அவர் என்ன சாப்பிட்டார் என்று யாரும் காட்டவில்லை.

தினமும் காலையில் அவர் ஃபிரிட்ஜ் கதவை ஃபோட்டோ எடுத்து அனுப்புவார். நான் மாற்றச் சொன்னால் மாற்றிவிட்டு இன்னொரு ஃபோட்டோ அனுப்புவார். முதலில் வரிசையைத்தான் பார்த்தேன். பிறகு என் கண் ஓரங்களுக்குப் போகத் தொடங்கியது. பழுது தேடியே பழகிய கண் அது. அடுப்பு துடைத்திருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்த நிலையில் வரிசையாக இருந்தன. தண்ணி கேன் நிரம்பியிருந்தது. காலண்டரில் தேதி சரியாகக் கிழித்திருந்தது. ஒரு டம்ளரைக் கழுவிவைக்கத் தெரியாத மனிதரின் வீடு அது. ஒவ்வொரு நாளும் ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லை. பாஸ், பாஸ், பாஸ்.

அதே சமயத்தில் என் லைனும் ஓடத் தொடங்கியிருந்தது. ஒருநாள் தலைவலி என்று ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஷிஃப்ட் முடியும்வரை ஒருத்தியும் என்னைக் கூப்பிடவில்லை. க்ளிக், க்ளிக் என்று வேலை நடந்தது. இதற்குத்தானே வந்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஹாஸ்டலுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இங்கேயும் நான் தேவைப்படவில்லை, அங்கேயும் நான் தேவைப்படவில்லை. நான் வகுத்த விதியின்படி இதற்குப் பெயர் வெற்றி.

ஆறு மாதம் முடிந்து பெங்களூரில் ரயில் இறங்கி, ஓசூர் பஸ் பிடித்தேன். அத்திப்பள்ளி தாண்டும்போது விடிந்துகொண்டிருந்தது. ஜூஜுவாடியில் பனி சாலையை மூடியிருந்தது. லாரிகளின் விளக்குகள் மட்டும் மஞ்சளாக நகர்ந்தன. எதிரே ஒரு கம்பெனி பஸ் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போய்விட்டது. அதில் பூசணி தூங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துச் சிரித்தேன்.

அவர் லீவு போட்டு வீட்டில் இருந்தார். கதவைத் திறந்ததும் ஃபினாயில் வாசனை. தரை பளபளத்தது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். பால், தயிர், மாவு, எல்லாம் மூடி போட்டு அதனதன் இடத்தில். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. நான் பையைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன புள்ள, ஒடம்பு சரியில்லியா?”

“நான் இல்லாம ஒரு மேட்ச்சுகூடத் தோக்கலையா நீங்க?” என்று கேட்டேன்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கையிலிருந்த துணியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“தோத்தா ஒனக்கு நாலாவது பங்கு நெறையாதுல்லா?” என்றார். “அதான் தெனமும் தொடச்சேன். ஓனரம்மாட்ட கேட்டுக் கேட்டுச் சமைச்சேன். நீ ஃபோட்டோவ பெருசாக்கிப் பாப்பன்னு எனக்குத் தெரியாதா?”

அந்த ஆறு மாதமும் நான் இல்லாமலே ஜெயிக்கிறார் என்று நான் அழுதுகொண்டிருந்தேன். அவரோ நான் ஜெயிக்கவேண்டும் என்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்துபோய் ஃபிரிட்ஜ் மேலிருந்த பென்சிலை எடுத்தேன். இருந்த இடத்தைவிட்டு நகராமலே, போனவளை ஜெயிக்கவைக்க முடியும் என்று என் விதியில் இல்லை. விதி தப்பு. மிளகாயை இறக்கிக் கத்திரிக்காயை உச்சிக்கு ஏற்றி, அதன் வட்டத்தில் காலியாக இருந்த நாலாவது பங்கை அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினேன். அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷச் சண்டையில் ஜெயித்த மனிதர், கையிலிருந்த துணியால் கதவில் விழுந்த பென்சில் தூளைத் துடைத்தார்.

“நெஜமா சொல்லுங்க” என்றேன், திரும்பாமலே. “ஒண்ணுகூடத் தோக்கலையா?”

“ஞாயித்துக்கிழம எல்லாம் தோத்தேன்.”

“எப்படி?”

“கேன்ல ஃபோன சாச்சு வச்சு மேட்ச் போடுவேன் புள்ள. தூக்கமே வராது. கடைசி விசில்வரைக்கும் முழிச்சிருந்து பாத்தேன்.”